கோடை இசை விழாவும் ஊராட்சியும்

(மயிலாடுதுறை வட்டாரத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காலையிலிருந்து குடிநீரைப் பற்றியும் சாலையைப் பற்றியும் வாய்க்கால் தூர் வாருவதைப் பற்றியும் பேசினோம். இப்பொழுது சங்கீதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறேன். இதற்கும் ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அரசியலமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபொழுது, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாக 29 இனங்கள் பதினோராவது அட்டவணையில் குறிக்கப்பட்டன. குடிநீரும் சாலையும் இடம் பெற்ற அதே பட்டியலில், 21-ஆவது இனமாகப் பண்பாட்டு நடவடிக்கைகளும் இடம் பெற்றுள்ளன. ஆகவே, இதுவும் நம் கடமைகளுள் ஒன்றேயாகும்.

கர்நாடக இசை பட்டணத்தாருக்கு உரியது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது சரியன்று. தேவாரம் பாடிய திருஞானசம்பந்தர் பிறந்தது நம் சீர்காழியில். தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய முன்னோடியான முத்துத்தாண்டவரும் சீர்காழியைச் சேர்ந்தவரே. இராம நாடகக் கீர்த்தனை தந்த அருணாசலக் கவிராயர் தில்லையாடியில் பிறந்தவர். நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். முதலாம் இராசராச சோழன், தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேரை அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்ததாகக் கல்வெட்டுக் கூறுகிறது. உழவன் விளைவித்த நெல்லே இசையை வளர்த்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சென்னையில், 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடைபெற்ற இசை மாநாட்டின் தொடர்ச்சியாக மார்கழி விழா வளர்ந்தது. ஆனால், மார்கழியில் நம் சம்பாப் பயிர் வயலில் நிற்கும். தையில் அறுவடை, பின்னர் உளுந்தும் பயறும். அவையும் வீடு வந்து சேர்ந்தபின், மேட்டூர் அணை திறக்கும் வரையில் நிலத்திற்கும் நமக்கும் ஓய்வு. பிள்ளைகளுக்கோ பள்ளி விடுமுறை. ஆகவே, கோடையே நமக்கு ஏற்ற காலம். எனினும், பம்புசெட்டு உள்ளவர்கள் வைகாசியிலேயே குறுவைக்கு நாற்று விடுகிறார்கள். அதனால், விழாவைச் சித்திரைக்குள் முடித்துவிடுவது நல்லது.

விழா நடத்துவது எப்படி என்று சொல்வதற்கு முன்னர், எப்படி நடத்தக் கூடாது என்பதற்கு என் அனுபவத்தையே கூறிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றியபொழுது, ஓர் ஊரில் இத்தகைய விழாவுக்கு ஊக்கமளித்தேன். வெளியூரிலிருந்து புகழ் பெற்ற வித்துவானை வரவழைத்தார்கள். கோயிலுக்கு அருகில் ஒரு தனியார் மண்டபத்தில் மேடை போட்டார்கள். கச்சேரி சிறப்பாகவே நடந்தது. மறுநாள், வயல் வேலை செய்வோர் வாழும் தெருவில் கழிவுநீர்க் கால்வாயைப் பார்வையிடச் சென்றேன். ஒரு பெரியவர் என்னிடம், "ஐயா, ராத்திரி பாட்டு எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. எங்களைத்தான் யாரும் கூப்பிடவில்லை" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதனால்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. மேடை எங்கே, அழைப்பு யாருக்கு என்று கேளாமலே விளம்பரத் தாளில் கையொப்பமிட்டவன் நான். அன்று மேடையில் பாடப்பட்டதோ நந்தனார் சரித்திரக் கீர்த்தனை!

மறு ஆண்டு மேடையைப் பள்ளி மைதானத்திற்கு மாற்றினோம். எல்லாத் தெருக்களுக்கும் சென்று அழைத்தோம். எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே பயிற்சி அளித்தோம். மனத்தாங்கல் கொண்டு வராமல் இருந்த வீடுகளும் சில உண்டு. ஆயினும், தம் பேரப்பிள்ளைகள் பாடுவதைக் கேட்க மூன்றாம் ஆண்டில் அவர்களும் வந்து பாயில் அமர்ந்தார்கள்.

நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். சனவரி 26 கிராம சபையில் விழாக் குழுவை அமையுங்கள். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அதில் இருக்கட்டும். கோயில் ஓதுவார், நாதசுரக் கலைஞர், பள்ளி இசை ஆசிரியர் ஆகியோரில் ஒருவரை ஆசிரியராக வேண்டிக்கொள்ளுங்கள். அவருக்கு உரிய ஊதியம் கொடுங்கள். ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன் பயிற்சியைத் தொடங்கி, மூன்று வாரம், மாலையில் ஒரு மணி நேரம் நடத்துங்கள். இரண்டு தேவாரப் பதிகம், மூன்று கீர்த்தனை போதும். ஒரு சுருதிப் பெட்டி இருந்தால் பயிற்சிக்குக் குறைவில்லை. நிகழ்ச்சி நிரலை மே முதல் நாள் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்.

விழா இரண்டு நாள் நடந்தால் போதும். முதல் நாள் பிள்ளைகள் பாடட்டும். மறுநாள் அழைத்து வந்த வித்துவான் பாடட்டும். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் அது ஒலிக்கக் கூடாது. தண்ணீர்ப் பானையும் மோரும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். நாற்காலி வரிசை வேண்டாம். தலைவர் முதல் அனைவரும் பாயிலேயே அமருங்கள். நடக்க இயலாத முதியோருக்கு மட்டும் இருக்கை போடுங்கள். நன்கொடை எவ்வளவு சிறிதாயினும் இரசீது கொடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வரவு செலவை ஒப்படையுங்கள்.

குழாய் அமைக்கும்போது கடைசித் தெருவுக்கும் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது நம் வழக்கம். இசை விழாவுக்கும் அதுவே அளவுகோல். கடைசித் தெருப் பிள்ளை மேடையேறிப் பாடினால்தான் அது ஊர் விழா. வருகிற கோடையில் அத்தகைய விழாக்களை நம் ஊராட்சிகளில் காண விழைகிறேன். உங்கள் அழைப்பை எதிர்பார்த்திருப்பேன். எனக்கும் பாயில் ஓர் இடம் வையுங்கள்.