மறந்துபோன வைஃபை பாஸ்வேர்டு: ரீசெட் செய்வதற்கு முன்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வைஃபை பாஸ்வேர்டு மறந்துபோனால் என்ன செய்வது என்று பேசச் சொன்னார்கள். இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றும். போன ஐப்பசி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் அம்மாவுக்குக் காது மந்தம். போனில் பேசினால் பாதிதான் புரியும். மஸ்கட்டில் இருக்கும் என் தம்பியோடும் பேத்தியோடும் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில் பேசுவார். உதட்டசைவைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிடும். பழைய டேப்லெட் கெட்டுப்போய், தம்பி புதிது ஒன்று அனுப்பினான். அது பாஸ்வேர்டு கேட்டது. வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. நாலைந்து தடவை எதையெதையோ போட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு குண்டூசியை எடுத்து, மோடத்தின் பின்னால் இருக்கும் சின்னத் துளையில் பத்து விநாடி அழுத்தினேன். ரீசெட் ஆகிவிட்டது.

வைஃபை வந்தது, இன்டர்நெட் வரவில்லை. இணைப்புக்கென்று நிறுவனம் கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் மோடத்துக்குள் இருந்திருக்கின்றன. அவையும் சேர்ந்து அழிந்துவிட்டன. நிறுவனத்தைக் கூப்பிட்டால், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும் என்றார்கள். அந்த எண், தம்பி லீவில் வந்தபோது வாங்கிய எண். அது அணைந்து கிடக்கிறது. இணைப்பு திரும்ப வர ஐந்து நாள் ஆனது.

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் தினமும் ஏழு மணிக்கு டேப்லெட்டைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் என்னிடம் கேட்டார்: “தம்பி ஏதாவது கோவமா இருக்கானாடா?”

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், நான் குண்டூசியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பாஸ்வேர்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. என் போன் அதே வைஃபையில்தான் இணைந்திருந்தது. அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அம்மாவைப் பேச வைத்திருக்கலாம் என்ற யோசனைகூட நான்காம் நாள்தான் வந்தது. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், முதலில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அவசரத்தைச் சமாளியுங்கள். அப்புறம் நிதானமாகத் தேடலாம்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பாஸ்வேர்டு நமக்குத்தான் மறந்திருக்கிறது, வீட்டில் எங்கோ அது இருக்கிறது. அதைத் தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் ரீசெட் கடைசியில் வருகிறது.

ஏன் கடைசி என்பதை நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். புது ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலின் தலைமதகு லஸ்கர் கையில் இருக்கிறது. அவர் ஷட்டரைத் தூக்கினால்தான் தண்ணீர் வரும். நம் வயலுக்கு வெட்டிவிடும் மடை நம் கையில். நிறுவனம் கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் தலைமதகு. வைஃபை பாஸ்வேர்டு வயல் மடை. மோடத்தின் அமைப்புகளை மாற்ற மூன்றாவதாக ஒரு அட்மின் பாஸ்வேர்டும் உண்டு. நமக்கு மறந்தது மடையை மட்டும். ரீசெட் செய்தால் தலைமதகும் சேர்ந்து அடைபட்டுவிடும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் வாய்க்கால் வறண்டு கிடப்பது போலத்தான், வைஃபை முழுசாகக் காட்டும், ஒரு படம்கூட ஓடாது.

தேடுவதற்கு முன்னால், கோளாறு பாஸ்வேர்டில்தானா என்று பாருங்கள். ஃபைபர் மோடத்தில் ‘லாஸ்’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் கேபிளில்தான் பிரச்சினை. அதற்குப் பாஸ்வேர்டைத் தேடிப் பயனில்லை. கரண்ட் போய் வந்ததால் பாஸ்வேர்டு மாறிவிட்டது என்று சிலர் சொல்வதும் சரியல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி அணைந்து கிடந்தாலும் மோடம் தன் பாஸ்வேர்டை மறக்காது.

இனி தேடும் வரிசை.

முதல் இடம், மோடத்தின் அடிப்பக்கம். அங்கே ஒரு ஸ்டிக்கரில் வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் அச்சிட்டிருக்கும். இணைப்பு கொடுத்த நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை என்றால் அதுதான் பாஸ்வேர்டு. கையால் எழுதாமல் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பூஜ்யமும் ‘ஓ’ எழுத்தும், ஒன்றும் சின்ன ‘எல்’லும் பெரிய ‘ஐ’யும் ஒன்று போலவே தெரியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் முக்கியம்.

இரண்டாவது இடம், ஏற்கெனவே இணைந்திருக்கும் போன். வீட்டில் யாராவது ஒருவர் போன் நிச்சயம் இணைந்திருக்கும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய போன் என்றால், செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொடுங்கள். ‘ஷேர்’ அல்லது ‘க்யூஆர் கோட்’ என்று இருக்கும். அதைத் தொட்டால் விரல் ரேகையோ பின் எண்ணோ கேட்கும், பிறகு கட்டம் கட்டமாக ஒரு படம் வரும். புதிய போனின் கேமராவை அதன் மேல் காட்டினால் போதும், இணைந்துவிடும். பாஸ்வேர்டை டைப் செய்ய வேண்டியதே இல்லை. சில போன்களில் படத்துக்குக் கீழே பாஸ்வேர்டு எழுத்திலும் இருக்கும்.

டிவிக்குக் கேமரா இல்லையே, அதற்கு எழுத்தாகத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். எழுத்தில் காட்டாத போன் என்றால், அந்தக் கட்டத்தை இன்னொரு போனில் கூகுள் லென்ஸ் வழியாகப் பாருங்கள். பாஸ்வேர்டு தெரியும். வேறு ஸ்கேனர் செயலியில் ஒரு நீண்ட வரியாக வந்தால், அதில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் வந்த பிறகு, அடுத்த அரைப்புள்ளி வரைக்கும் இருப்பதுதான் பாஸ்வேர்டு.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் ‘ஐ’யைத் தொட்டால் ‘பாஸ்வேர்டு’ என்ற வரி இருக்கும். அதைத் தொட்டு முகத்தையோ விரலையோ காட்டினால் எழுத்தாகவே தெரியும்.

மூன்றாவது இடம், லேப்டாப். விண்டோஸ் 10 என்றால் கண்ட்ரோல் பேனலில் ‘நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்’ திறந்து வைஃபையின் பெயரைச் சொடுக்குங்கள். ‘வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘ஷோ கேரக்டர்ஸ்’ என்பதில் டிக் போட்டால் புள்ளிகளாக இருந்தது எழுத்தாகிவிடும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸில் வைஃபைக்குள் ‘மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்’ போனால், பெயரைத் தொட்டதும் பாஸ்வேர்டைப் பார்க்கும் பொத்தான் இருக்கும். இணைப்பில் இல்லாத பழைய நெட்வொர்க்கின் பாஸ்வேர்டும் இதில் கிடைக்கும். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் சில சமயம் காட்டாது.

நான்காவது இடம், மோடமே. லேப்டாப்பையும் மோடத்தையும் கேபிளால் இணைத்தால் வைஃபை பாஸ்வேர்டு தேவையில்லை. பிரவுசரில் 192.168.1.1 என்றோ, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் வேறு எண்ணையோ போட்டால் மோடத்தின் பக்கம் திறக்கும். அது கேட்பது அட்மின் பாஸ்வேர்டு. பெரும்பாலும் அதுவும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். உள்ளே வயர்லெஸ் அமைப்புகளில் பாஸ்வேர்டைப் பார்க்கலாம், புதிதாக மாற்றவும் செய்யலாம்.

இந்த நான்கு இடத்திலும் கிடைக்கவில்லை என்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிடுங்கள். பல நிறுவனங்களின் செயலியிலேயே வைஃபை பாஸ்வேர்டை மாற்றும் வசதி இருக்கிறது. எதற்கும் வழியில்லாமல் ரீசெட்தான் என்று வந்தால், இணைப்பின் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் குண்டூசியை எடுங்கள்.

இன்னொரு உபாயம். பாஸ்வேர்டை மாற்றினால் டிவி, கேமரா, பிரிண்டர் என்று ஒவ்வொன்றிலும் புதிதாகப் போட வேண்டும். ரீசெட் செய்த பிறகு உங்களுக்குப் பழைய பாஸ்வேர்டு கிடைத்துவிட்டால், வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே ஓர் எழுத்துகூட மாறாமல் வையுங்கள். எல்லாம் தானாகவே வந்து இணைந்துகொள்ளும்.

இனி, செய்யக்கூடாதவை மூன்று.

ஒன்று, பாஸ்வேர்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை இறக்காதீர்கள். நம் வீட்டுப் பாஸ்வேர்டுக்கு அது தேவையே இல்லை. அந்தச் செயலி உங்கள் போனில் எதை எடுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. அதை வைத்துப் பக்கத்து வீட்டு வைஃபைக்குள் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இரண்டு, உதவி செய்கிறேன் என்று தானாகக் கூப்பிடுகிறவரை நம்பாதீர்கள். ‘இன்டர்நெட் கம்பெனியிலிருந்து பேசுகிறேன், இந்தச் செயலியைப் போடுங்கள், நானே சரிசெய்கிறேன்’ என்பார்கள். உங்கள் போன் திரையை இன்னொருவர் தூரத்திலிருந்து இயக்கும் செயலி அது. இந்த வகை மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை நிறுத்துவது கடினம்.

மூன்று, ‘இந்தத் தொல்லையே வேண்டாம், பாஸ்வேர்டு இல்லாமலே இருக்கட்டும்’ என்று வைஃபையைத் திறந்து போடாதீர்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சற்று முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிற்று. அது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பைக் காட்டியது. காவல்துறை அவர் வீட்டுக்குப் போய் கணினிகளை எடுத்து விசாரித்தது. அவருடைய வைஃபையை வெளியாள் பயன்படுத்தியிருந்தார்கள். வைஃபையைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை அடுத்த ஆண்டு அறிவுறுத்தியது. நம்மைப் போன்ற குடியிருப்பில் மேல் வீடு, கீழ் வீடு, படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் எல்லா இடத்திலும் நம் வைஃபை எட்டும். யார் எதற்குப் பயன்படுத்தினாலும் முதலில் நம் பெயர்தான் வரும்.

அப்படியென்றால் எப்படிப்பட்ட பாஸ்வேர்டு வைப்பது? குறைந்தது எட்டு எழுத்து வேண்டும், 63 வரை வைக்கலாம். வீட்டு எண், போன் எண், பிள்ளைகள் பெயர் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். குறுவை, சம்பா, தாளடி என்று வரிசையாக வைத்தால் இந்த ஊரில் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மிக்கும் ரயிலுக்கும் கொய்யாவுக்கும் என்ன சம்பந்தம்? அந்த மாதிரி உங்களுக்கு மட்டும் தோன்றுவது வையுங்கள்.

கடைசியாக, அதை எழுதி வையுங்கள். பாஸ்வேர்டை எழுதவே கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வங்கி பின் எண்ணுக்கு அது சரி. வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக்குள் ஒரு தாளில் இருப்பதில் தவறில்லை. கதவுக்கு வெளியே, மீட்டர் பெட்டியில் மட்டும் ஒட்டாதீர்கள். அந்தத் தாளில் ஐந்து வரி போதும்: வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும், மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டு, இணைப்பின் யூசர்நேமும் பாஸ்வேர்டும், வாடிக்கையாளர் எண், பதிவு செய்த போன் எண். அந்தப் போன் எண் இங்கே குடியிருப்பவருடையதாக இருக்க வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் இதை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். என் வீட்டில் ஐந்து நாள் ஆனதற்கு முக்கியக் காரணம் அந்த எண்தான்.

எங்கள் வீட்டுத் தாளை அம்மா பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். இந்தச் சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்தபோது, நான் சொல்லாமலே அதை எடுத்துப் புதியதற்குள் வைத்தார். “இது இருந்தா அவன் ஏழு மணிக்கு வந்துடுவான்” என்றார்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், இணைப்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் போனில் பாஸ்வேர்டை எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். தனியாக இருக்கும் பெரியவர்கள் கூப்பிட்டால் நானே வந்து எழுதித் தருகிறேன். குண்டூசி கொண்டு வரமாட்டேன்.