தந்தை வீழ்ந்த இடத்தில் மகன்

(ஜூபிலியையொட்டிய குடும்ப விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சாமியார் சினிமாவைப் பற்றியா பேசப் போகிறார் என்று சிலர் வியப்பது தெரிகிறது. ஆம், ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளிக் கதையைப் பற்றித்தான். ஜார்ஜ் லூகாஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய கதை இது. 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று படங்கள் லூக் என்னும் மகனின் கதை. 1999 முதல் 2005 வரை வந்த மூன்றும் அவன் தந்தை அனாக்கினின் கதை. மகன் வென்றதை முதலில் காட்டிவிட்டு, தந்தை வீழ்ந்ததைப் பிறகு காட்டினார்கள். விண்கலங்களையும் ஒளிவாள்களையும் சிறுவர்களுக்கு விட்டுவிடுவோம். எனக்கு இந்த இருவர் போதும்.

இருவரும் டாட்டூயின் என்னும் பாலைநிலக் கோளில் வளர்ந்தவர்கள். ஜெடாய் என்னும் வீரர் மரபில் பயின்றவர்கள். இருவருக்கும் வலக் கை வெட்டுண்டு, இயந்திரக் கை பொருத்தப்படுகிறது. அன்புக்குரியவர்கள் துன்புறுவதை இருவருமே முன்கூட்டிக் காண்கிறார்கள். அனாக்கின் தன் தாயின் துயரைக் கனவில் கண்டு தேடி ஓடுகிறான். அவள் அவன் கைகளிலேயே உயிர் விடுகிறாள். அந்த ஆத்திரத்தில் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் ஒரு கூட்டத்தையே வெட்டிச் சாய்க்கிறான். பின்பு, கருவுற்ற மனைவி இறப்பதாகக் கனவு. அவளைக் காப்பாற்ற வழியுண்டு என்று ஆசை காட்டுகிறான் பால்படீன் என்னும் வஞ்சகன். அவ்வளவுதான், ஆள் விழுந்தான். பணத்தாலன்று, பாசத்தால் விழுந்தான் என்பதைக் கவனியுங்கள். இழந்துவிடுவோமோ என்ற அச்சம் பாசத்தையே பிடிவாதமாக்கிவிட்டது. யாருக்காக விழுந்தானோ, அந்த மனைவியின் கழுத்தையே கடைசியில் நெரிக்கிறான்.

இருவருக்கும் வந்த ஒரே சோதனைக்கு வருகிறேன். 2005-ஆம் ஆண்டுப் படத்தில், இரு கைகளும் வெட்டுண்டு மண்டியிட்டிருக்கும் எதிரியைக் கொல்லச் சொல்கிறான் பால்படீன். அனாக்கின் தயங்குகிறான், தகாது என்று அவனுக்குத் தெரியும், ஆயினும் வெட்டிவிடுகிறான். 1983-ஆம் ஆண்டுப் படத்தில் அதே பால்படீன் பேரரசனாக வீற்றிருக்கிறான். தந்தையோ டார்த் வேடர் என்ற பெயரில் அவனுக்கு அடியாள். தன் உடன்பிறந்தாளைக் குறித்து வேடர் மிரட்டியதும் லூக் வெகுண்டெழுந்து, அவன் கையைத் துண்டித்து வீழ்த்துகிறான். கொன்றுவிட்டு உன் தந்தையின் இடத்தை எடுத்துக்கொள் என்று சிரிக்கிறான் பேரரசன். லூக் அந்த வெட்டுண்ட கையைப் பார்க்கிறான். சதையில்லை, கம்பிகள்தான். பிறகு கறுப்புக் கையுறை போட்ட தன் கையைப் பார்க்கிறான். வாளை வீசி எறிகிறான்.

“அப்பன் புத்தி பிள்ளைக்கு வராமல் போகுமா?” என்கிறோம். குடிகாரன் மகன் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். எசேக்கியேல் ஆகமம் 18-ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசியுங்கள். தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று விரிவாகவே உள்ளது. லூக்கிடம் தந்தையின் கோபம் இல்லாமலில்லை. அது தன்னிடமும் இருப்பதைக் கண்ட நொடியில்தான் அவன் நின்றான்.

கொல்ல மறுத்த மகனைப் பேரரசன் மின்னலால் வதைக்கிறான். அவன் தந்தையை நோக்கிக் கதறுகிறான். வேடர் அங்கும் இங்கும் பார்க்கிறான். பின்பு பேரரசனைத் தூக்கிப் பாதாளத்தில் எறிகிறான். சாகும் தறுவாயில் தன் முகமூடியைக் கழற்றச் சொல்கிறான். கழற்றினால் இறந்துபோவீர்கள் என்கிறான் மகன். ஒருமுறையேனும் உன்னை என் சொந்தக் கண்களால் பார்க்க வேண்டும் என்கிறான் தந்தை.