பிழையும் பிழைப்பும்



பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், மருதாநதியின் பாசனத்தில் அமைந்த அய்யம்பாளையம் நெட்டைத் தென்னைக்குப் பெயர் பெற்ற ஊர். குழியில் ஊன்றிய தென்னங்கன்று முதற் கோடையைக் கடந்து புதுக்குருத்து விடுமாயின், 'கன்று பிழைத்துக்கொண்டது' என்பர் உழவர். அவ்வூர்ப் பள்ளியில் மாணவன் எழுத்தை மாற்றி எழுதினாலோ, அது 'எழுத்துப் பிழை'. உயிர் நிலைத்தமைக்கும் குற்றம் நேர்ந்தமைக்கும் ஒரே சொல் வழங்குவது எவ்வாறு? நாள்தோறும் நாவில் புழங்குவதனாலேயே எவரும் நின்று கேளாத வினா இது.

விடைக்கு வள்ளுவரிடம் செல்லலாம். படைச்செருக்கு அதிகாரத்தில், 772ஆம் குறளில், முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தாக்காது போன வேலே மேலானது என்கிறார். அவ்வேலுக்கு அவர் தரும் அடைமொழி 'பிழைத்த' என்பது. குறி தவறிய வேல் என்பது பொருள். உரைகாரர் யாவரும் எறிந்த வீரனின் பக்கம் நின்றே அக்குறளைக் காண்பர். அதுவே முறையும் ஆகும். ஆயினும் ஒருகணம் யானையின் பக்கம் நின்று நோக்கினால் சொல்லின் மறுமுகம் தெரியும். வேல் பிழைத்தது, ஆதலின் யானை பிழைத்தது. நிகழ்ச்சி ஒன்றே. எறிந்தவனுக்கு அது தவறு. எறியப்பட்டதற்கு அது வாழ்வு. 'தவறுதல்' என்னும் பொருளிலிருந்தே 'உயிர் தப்புதல்' என்னும் பொருள் கிளைத்தது எனக் கொள்வது இதனாற் பொருந்தும்.

இக்கிளைப்பு தற்செயலானதன்று. 'தப்பு' என்னும் சொல்லும் அவ்வாறே நடந்திருக்கிறது. தப்பு குற்றம், தப்புதல் விடுபடுதல். தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சொல் இவ்விரு பொருளையும் சுமக்கிறது. மலையாளத்தில் 'பிழ' என்பது குற்றத்தையும் அதற்கான தண்டத் தொகையையும் குறிக்க, அதன் வினையோ காலந்தள்ளி வாழ்தலையும் குறிக்கிறது. ஈழத் தமிழர் பேச்சில் 'பிழை' இன்றும் தவறு என்னும் பொருளிலேயே மிகுதியும் வழங்குகிறது. தமிழகத்தார் 'தப்பு' என்னுமிடத்தில் அவர்கள் 'பிழை' என்பர். 'தப்பிப் பிழைத்தான்' என்று சொல்லும்போது தமிழர் தவறு குறிக்கும் இரு சொற்களை அடுக்கி ஓர் உயிரைக் காப்பாற்றி விடுகின்றனர்!

வள்ளுவர் காலத்தில் உயிர் தப்புதலுக்கு உரிய சொல்லாக நின்றது 'உய்தல்'. 896ஆம் குறளில் இரு சொற்களும் அருகருகே வருகின்றன. தீயாற் சுடப்பட்டவர்க்கும் உய்வு உண்டாகலாம், பெரியார்க்குப் பிழை செய்தவர்க்கு இல்லை என்பது அதன் கருத்து. அவ்வதிகாரத்தின் பெயர் 'பெரியாரைப் பிழையாமை'; இக்கால மாணவர்க்கு அத்தலைப்பை விளக்காமல் விட்டால் இடர்ப்படுவர். பின்னர் உய்தல் என்னும் சொல் சமய நூல்களின் வழியே வீடுபேற்றை நோக்கி உயர்ந்துவிட்டது. மண்ணில் கிடந்து உழலும் வேலையைப் பிழைத்தல் ஏற்றுக்கொண்டது.

ஆங்கிலத்தார் இப்பொருளுக்கு வழங்கும் 'சர்வைவல்' வேறு குலத்தது. இலத்தீனில் 'சூப்பர்' என்பது மேல், அப்பால். 'விவெரே' என்பது வாழ்தல். இரண்டும் கூடிப் பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தன. ஒருவர்க்கு அல்லது ஒன்றுக்கு அப்பாலும் வாழ்ந்திருத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். கூட்டுரிமையாளருள் ஒருவர் மறைந்தபின் எஞ்சியவர்க்குச் சொத்துச் சேரும் உரிமையைச் சட்டத்தார் இச்சொல்லின் வழியாகவே குறிப்பர். அதன் நிழலில் எப்போதும் இன்னொருவர் சாவு நிற்கிறது.

1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் தம் உயிரியல் நூலில் இச்சொல்லை 'மிகப் பொருந்தியது' என்பதுடன் இணைத்து ஒரு தொடர் படைத்தார். 1866இல் வாலஸ் கடிதம் எழுதி வற்புறுத்த, டார்வின் 1869இல் வெளிவந்த தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் அதனை ஏற்றார். தமிழில் அத்தொடர் இருவகையாக வந்தது. 'தக்கன பிழைக்கும்' என்பது ஒன்று. 'வல்லவை வாழும்' என்பது மற்றொன்று. மேடைகளில் செல்வாக்குப் பெற்றது இரண்டாவது. வலியவன் மெலியவனை மிதிப்பது இயற்கையின் சட்டம் என்று பேசுவோர்க்கு அது வசதியாகவும் அமைந்தது. ஆனால் டார்வின் கூறியது வலிமையை அன்று, சூழலோடு பொருந்துதலை. முதல் மொழிபெயர்ப்பே செம்மையானது. அதிலும் 'பிழைக்கும்' என்னும் சொல் மூலத்தில் இல்லாத நுட்பம் ஒன்றையும் சேர்க்கிறது: எறியப்பட்ட வேல் ஒன்று உண்டு, அது குறி தவறிற்று என்னும் நினைவு.

அய்யம்பாளையத்திற்கு மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலை ஊர்களில் விளையும் விருப்பாட்சி வாழையின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அசுவினியால் பரவும் முடிக்கொத்து நோய் அவ்வாழைத் தோட்டங்களைப் பேரளவில் அழித்தது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. நச்சுயிரி இல்லாத தாய்வாழைகளின் நுனிக்குருத்துத் திசுவிலிருந்து வளர்த்த கன்றுகளைக் கொண்டே மலையில் வாழை மீட்கப்பட்டது. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தாய்வாழைகள் நோயை வென்ற வல்லமையுடையன அல்ல. நோய் தீண்டாது விட்டவை. இதனை 'வல்லவை வாழும்' என்பதா, 'பிழைத்தன' என்பதா?

இனி 'பிழைப்பு'. உயிர் தப்புதல் நாளடைவில் உயிரை ஓட்டுதல் ஆயிற்று. அதுவே தொழிலுக்கும் பெயராயிற்று. திருப்பூருக்குச் செல்பவரும் சிங்கப்பூருக்குச் செல்பவரும் 'பிழைக்கப் போகிறோம்' என்றே விடைபெறுகின்றனர். ஒவ்வொரு நாளும் ஒரு வேல் எறியப்படுகிறது, அது தவறினால் அன்றைய சோறு என்பது போன்றதொரு சொல். உழைப்பவர் தம் வேலையைத் தாமே இழித்துப் பேசும் 'நாய்ப் பிழைப்பு' என்னும் வழக்கில் அவ்வலி வெளிப்படையாகவே கேட்கிறது.

'பிழைக்கத் தெரிந்தவன்' என்று மற்றொரு வழக்கும் உண்டு. நெளிவு சுளிவு கற்று, வேண்டியபோது மனச்சான்றை ஒதுக்கி வைப்பவனை அவ்வாறு பாராட்டுவர். கைக்கூலி வாங்க மறுத்தவன், பொய்க்கணக்கு எழுத உடன்படாதவன் 'பிழைக்கத் தெரியாதவன்' எனப் பெயர் பெறுகிறான். வசையாகச் சொல்லப்படும் அத்தொடரைப் பழைய பொருளில் படித்துப் பார்த்தால், பிழை செய்யத் தெரியாதவன் என்று வரும். சொல்பவர் அதனைக் கருதிச் சொல்வதில்லை.