மின்னணுவழிக் கற்றல் நிலைக்க என்ன வழி?

(அரசு அலுவலர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஓர் அலுவலகத்திற்குப் புதிய கணிப்பொறிகள் வந்து சேரும் நாள் சிறியதொரு திருவிழாவாகவே அமைகிறது. மாலை சூட்டுகிறோம், குங்குமம் இடுகிறோம், உயர் அலுவலர் விசையை அழுத்தித் தொடங்கி வைக்கிறார். மூன்று ஆண்டுகள் கழித்து அக்கருவிகள் என்ன ஆயின என்று கேட்பவர் சிலரே. என் பணிக்காலத்தின் தொடக்கத்தில், பயிற்சிக்கென வாங்கிய கணிப்பொறிகள் குளிரூட்டிய அறையில் உறையிட்டு வைக்கப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். அவற்றை இயக்கக் கற்றிருந்த ஒரே அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார். அறைச் சாவி தலைமை எழுத்தரிடம் இருந்தது. கோடைக் காலத்தில் சிலர் அங்கு அமர்ந்து மதிய உணவு அருந்தினர் என்பதே அதனால் விளைந்த பயன்.

கருவியை வாங்குவது ஓராண்டுச் செலவு. கற்றலை நிலைநிறுத்துவது நீண்டகாலப் பொறுப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் நேர்ந்த இழப்புகள் பல. அவை பற்றியும் அவற்றைத் தவிர்க்கும் வழி பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன்.

முன்னோடி முயற்சிகள்

1975 ஆகஸ்டு 1 ஆம் நாள் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கியது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் இதில் பங்கு பெற்றன. வேளாண்மை, சுகாதாரம், பள்ளிக் கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் வானிலிருந்து நேரே கிராமத்துத் தொலைக்காட்சிப் பெட்டியை வந்தடைந்தன. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையில் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

ஆனால் பயன்படுத்திய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் அமெரிக்காவுடையது. ஓராண்டுத் தவணை 1976 ஜூலை 31 இல் முடிந்தது. அதன்பின் தரையில் நிறுவிய ஒளிபரப்பு நிலையங்கள் அக்கிராமங்களில் ஒரு பகுதிக்கே எட்டின. நமது இன்சாட்-1பி விண்ணில் ஏறியது 1983 இல்தான். இச்சோதனை வீண் என்று நான் கூறவில்லை. நமது பொறியாளர்களும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களும் அதனால் பெற்ற அனுபவம் பெரிது. எனினும், பிறர் கையிலுள்ள சாதனத்தை நம்பி அமைத்த கல்வி, அச்சாதனம் விலகும்போது தளர்ந்துவிடும் என்ற பாடத்தையும் அது நமக்கு அளித்தது.

1984-85 இல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்பத் தொடங்கிய திட்டத்தில் பிபிசி மைக்ரோ என்னும் பிரிட்டிஷ் கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் வேறு வகைக் கணிப்பொறிகள் உலகெங்கும் பரவின. பழைய கருவிக்கென எழுதப்பட்ட பாடநிரல்கள் புதியவற்றில் அப்படியே இயங்கவில்லை. பாடம் கருவியோடு பிணைக்கப்பட்டிருந்தால், கருவி மூப்படையும்போது பாடமும் மூப்படைகிறது.

முன்கூட்டி அமைத்ததன் பயன்

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. 2017 செப்டம்பரில் ஆசிரியர்களுக்கென ‘தீக்ஷா’ என்னும் மின்னணுத் தளம் தொடங்கப்பட்டது. அதன் அடிப்படை மென்பொருள் திறந்த மூலத்தைச் சார்ந்தது; மாநிலங்கள் தத்தம் மொழியில் தத்தம் பாடங்களை அதில் சேர்க்க முடிந்தது. 2019 ஆகஸ்டில், ஏறத்தாழ 42 லட்சம் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் பள்ளித் தலைவர்களுக்கும் நேர்முகப் பயிற்சி அளிக்கும் ‘நிஷ்டா’ திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து, ஒரே அறையில் ஆசிரியர்களைக் கூட்டுவது இயலாததாயிற்று. 2020 அக்டோபர் முதல் அப்பயிற்சி தீக்ஷா தளத்தின் வழியே இணையத்தில் தொடர்ந்தது. நெருக்கடிக்கு முன்பே தளம் இருந்ததால்தான் இது கைகூடிற்று. வெள்ளம் வந்தபின் கரை கட்ட இயலாது.

2020 செப்டம்பர் 2 ஆம் நாள் மத்திய அமைச்சரவை ‘கர்மயோகி’ இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களைக் கருத்திற்கொண்டு, 2020-21 முதல் 2024-25 வரையிலான 5 ஆண்டுகளுக்கு ரூ. 510.86 கோடி மதிப்பிடப்பட்டது. தளத்தை உரிமையாகக் கொண்டு நடத்த, கர்மயோகி பாரத் என்னும் இலாப நோக்கற்ற அரசு நிறுமம் 2022 இல் அமைக்கப்பட்டது. தளத்திற்கு ஓர் உரிமையாளரும், அவ்வுரிமையாளருக்கு ஒரு கணக்கும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

ஐந்து தேவைகள்

தேசிய அளவில் தளம் அமைந்துவிட்டது. எனினும் ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு திட்டம் வகுத்தாக வேண்டும். அதற்கு ஐந்து தேவைகள் உண்டு எனக் கருதுகிறேன்.

முதலாவது, பணியிலிருந்து தொடங்குதல். எந்தப் பாடம் கிடைக்கிறது என்று பார்த்து ஊழியரை அதில் சேர்ப்பது தலைகீழ் முறை. இந்த நாற்காலியில் அமர்பவர் செய்ய வேண்டிய வேலைகள் யாவை, அவற்றுக்குத் தேவையான திறன்கள் யாவை என்று முதலில் பட்டியலிட வேண்டும். கர்மயோகி இயக்கமும் பணிப்பொறுப்பு, செயல், திறன் என்ற இவ்வரிசையையே வலியுறுத்துகிறது.

இரண்டாவது, பாடங்களைப் புதுப்பித்தல். 1972 ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி ஓய்வூதிய விதிகளுக்குப் பதிலாக 2021 இல் புதிய விதிகள் வந்தன. 2024 ஜூலை 1 ஆம் நாள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அன்று வரை சரியாக இருந்த பாடம் மறுநாள் ஊழியரைத் தவறான வழியில் செலுத்தும். ஆகவே ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு பொறுப்பாளரும், மறுஆய்வு நாளும், ஆண்டுதோறும் பராமரிப்பு நிதியும் குறிக்கப்பட வேண்டும். முதலாண்டிலேயே நிதி முழுவதையும் தயாரிப்பில் செலவிட்டுவிடும் துறை, ஏரியை வெட்டிவிட்டு மதகு வைக்க மறந்த ஊரைப் போன்றது.

மூன்றாவது, பாடங்களின் மீது உரிமை. ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் பாடங்களையும் பயிற்சிப் பதிவுகளையும் வேறு தளத்திற்கு எடுத்துச் செல்ல இயல வேண்டும். இதனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே எழுதிவிட வேண்டும். பின்னர்க் கேட்பதில் பயனில்லை.

நான்காவது, நேரமும் மொழியும். அலுவலக நேரம் முழுவதும் கோப்புகளுக்கே என்று வைத்துக்கொண்டு, வீட்டில் இரவு கற்குமாறு கூறினால், அச்சுமை வீட்டுப் பணியையும் சுமக்கும் பெண் ஊழியர்கள் மீதே கூடுதலாக விழும். வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தைக் கற்றலுக்கென ஒதுக்கி, மேலலுவலர் முதலில் அமர்ந்து கற்க வேண்டும். வட்டார அலுவலகத்து இளநிலை உதவியாளருக்குப் பாடம் அவரது மொழியில் இருத்தல் வேண்டும். இணைப்புக் குறைந்த இடங்களுக்காக இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் வேண்டும்.

ஐந்தாவது, சரியான அளவுகோல். எத்தனை சான்றிதழ்கள் வழங்கப்பட்டன என்ற எண்ணிக்கையை மட்டுமே மேலிடம் கேட்குமானால், கீழ்மட்டம் அவ்வெண்ணிக்கையையே அனுப்பி வைக்கும். காணொலியை ஒருபுறம் ஓடவிட்டு மறுபுறம் கோப்பு பார்ப்பவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எத்தனை விண்ணப்பங்கள் தவறான காரணத்தால் திருப்பப்பட்டன, ஒரு கோப்பு முடிவடைய எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

யாருக்காக இக்கற்றல்?

கணவனை இழந்த ஒருவர் குடும்ப ஓய்வூதியம் கேட்டு நம் அலுவலகத்திற்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீக்கப்பட்ட விதியைக் காட்டி அவரது மனு திருப்பப்பட்டால், அவர் மீண்டும் பேருந்துக் கட்டணம் செலவழித்து, ஒரு நாள் கூலியை இழந்து வருவார். நம் பயிற்சிக் குறைபாட்டின் விலையை அவரே செலுத்துகிறார்; நம் கணக்கேட்டில் அது எங்கும் பதிவாவதில்லை.

நீங்கள் அலுவலகம் திரும்பியதும், கடந்த ஓராண்டில் உங்கள் பிரிவில் தவறாகத் திருப்பப்பட்ட மனுக்களை எடுத்துப் பாருங்கள். அவற்றின் காரணங்களை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் துறையின் கற்றல் திட்டத்திற்கு அதுவே முதல் பக்கமாக அமையட்டும். அதை எழுதியவர் மாற்றலாகிச் சென்றாலும், அடுத்து வருபவர் இரண்டாம் பக்கத்தைத் தொடர முடியும்.