முடியாத ஆய்வின் ஆண்டுகள்

(ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



நமது நர்சிங் கல்லூரி ஆசிரியை ஒருவர் உங்கள் காணிக்கையின் உதவியால் முனைவர் பட்டத்திற்குப் படித்து வருவதை அறிவீர்கள். இது ஐந்தாம் ஆண்டு. ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை. "எப்பொழுது முடிப்பார்?" என்று உங்களில் சிலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தவர்கள் கேட்பது நியாயமே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்கிறது. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தளர்வும் உண்டு. ஆகவே அவர் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் விதியைக் காட்டி உங்களுக்கு மறுமொழி சொல்ல நாங்கள் விரும்பவில்லை.

சென்ற மாதம் அவர் எங்களைக் காண வந்திருந்தார். பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்போரை வீட்டிலே பராமரிக்கும் குடும்பத்தாரைக் குறித்தது அவருடைய ஆய்வு. முதல் ஆண்டில் நர்ஸ் சீருடையோடு வீடு வீடாகச் சென்றார். "இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிறீர்களா?" என்றால் எல்லாரும் "ஆமாம்மா" என்றார்கள். நோயாளியின் முதுகிலோ படுக்கைப்புண்! சீருடையைக் கண்டு, மருத்துவமனைக்குப் பிரியமான பதிலையே ஜனங்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டுச் சாதாரணப் புடவையில் மறுபடியும் போனார். மதியம் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஒரு மருமகள், "ராத்திரி தூங்கிடுவேன்க்கா, பகலெல்லாம் வயல் வேலை" என்றாள். இப்படி ஒன்றரை ஆண்டு போயிற்று.

"வேலை உயர்வுக்காகப் பட்டம் வாங்கப் போனேன், ஐயா. இப்போது அந்த மருமகளுக்கு என்ன சொல்வது என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்" என்றார். உடன் சேர்ந்தவர்கள் முடித்துப் போய்விட்டார்கள். ஊரில் தாயார் கேட்கிறார். உதவித்தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுவிடட்டுமா என்றும் கேட்டார்.

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்கமாட்டாதவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். அதைச் சொல்லி மாணவர்களை மிரட்டுவது வழக்கம். செலவைக் கணக்குப் பார் என்பதே அங்கே புத்திமதி. கணக்கு பார்க்க வேண்டியவர்கள் கட்டுகிறவருக்குப் பணம் கொடுக்கும் நாமுந்தான்.

ஆல்பர்ட் சுவைட்சரை நினைத்துப் பாருங்கள். 1899-இல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், 1905-இல் தமது முப்பதாம் வயதில், ஸ்ட்ராஸ்பர்க்கில் மருத்துவம் படிக்க உட்கார்ந்தார். அதோடு இறையியல் கற்பித்தார், பிரசங்கம் செய்தார். ஓயாத களைப்போடு போராடியதாகப் பிற்காலத்தில் எழுதினார். 1911-இல் தேர்வுக் கட்டணத்தையே மூனிக்கில் ஆர்கன் வாசித்துச் சம்பாதித்தார். பிறகு பயிற்சி, ஆய்வேடு. 1913-இல்தான் இன்றைய காபோன் நாட்டிலுள்ள லாம்பரேனே போய்ச் சேர்ந்தார். ஆப்பிரிக்க மக்களைக் குறித்து அவர் எழுதிய சிலவற்றை இன்று நாம் ஏற்க முடியாது. அது வேறு பேச்சு. அந்த ஏழெட்டு ஆண்டுகளில் அங்கே அவர் கையால் ஒரு நோயாளியும் குணமாகவில்லை. அவ்வாண்டுகளுக்குப் படம் எடுத்து எந்தச் செய்தி மடலில் போடுவது?

முடித்தவர்கள் சொல்வது சாட்சியாகிவிடுகிறது. இன்னும் முடிக்காதவர் சொல்வதில் எது வீணாயிற்று, எது மிஞ்சிற்று என்பதும் தெரிகிறது. அதனால்தான் இதை இன்று உங்களிடம் கொண்டுவந்தோம்.

உதவித்தொகையை இன்னும் ஓராண்டு நீட்டிக்க எங்கள் குழு ஜெபத்தோடு தீர்மானித்துள்ளது. அடுத்த கூடுகைக்கு அவரே வருகிறார். "பாதி முடிந்த அட்டவணைகளோடுதான் வருவேன், ஐயா" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் கேள்விகளை அவரிடமே கேளுங்கள்.