கூரையின் கீழ் ஒரு குடியிருப்பு



வீட்டின் உச்சியில், கூரையை ஒட்டி வெறுமையாய்க் கிடக்கும் இடத்தைக் குடியிருப்பாக்கி வாடகைக்கு விடுவது மேனாட்டு நகரங்களிற் பெருவழக்கு. பாரிஸ் மாநகரையே எடுத்துக்கொள்வோம். 1853 முதல் 1870 வரை அங்கே தலைமை அதிகாரியாயிருந்த ஓஸ்மான் காலத்து மாடிமனைகளின் உச்சித்தளத்தில், துத்தநாகத் தகடு வேய்ந்த சரிவான கூரையின் கீழ், பணிப்பெண்களுக்கெனச் சிற்றறைகள் அமைந்திருந்தன. அவற்றிற்கு ஏறும் படிக்கட்டே வேறு. தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் நடைவழியிற் பொதுவானவை. பணிப்பெண்களை வீட்டோடு வைத்திருக்கும் வழக்கம் அருகியபின், பல அறைகளிற் பழைய பெட்டிகளும் கால் முறிந்த நாற்காலிகளுமே குடியிருந்தன. பிறகு மாணவரும் புலம்பெயர்ந்தோரும் வந்தனர். நம்மவருள்ளும் சிலர் அங்கே வாழ்ந்தனர்.

இன்று அடுத்தடுத்த இரண்டு மூன்று அறைகளை வாங்கி, இடைச்சுவரை நீக்கி, ஒரே மனையாக்குகின்றனர். ஆனால் சுமைதாங்கும் சுவரை உடைக்கவும், கழிவுநீர்க் குழாயைப் பொதுக்குழாயுடன் இணைக்கவும் கட்டடத்தின் இணை உரிமையாளர் கூட்டத்து ஒப்புதல் வேண்டும். பணம் இருந்தும் அயலவர் இணங்காமையால் வேலை நின்றுபோவதுண்டு.

2002ஆம் ஆண்டின் பிரெஞ்சு விதியொன்று வாடகை வீட்டுக்கு ஓர் அளவை வகுத்தது. முதன்மை அறை 9 சதுர மீற்றர் பரப்பும் 2.20 மீற்றர் உயரமும் உடையதாதல் வேண்டும். அன்றேல் 20 கனமீற்றர் கொள்ளளவாவது வேண்டும். 9 சதுர மீற்றர் என்பது பத்தடிக்குப் பத்தடியிலும் சற்றுக் குறைவு. எங்கள் வீடுகளின் சாமியறை அவ்வளவு வரும். சரிந்த கூரையின் கீழ்த் தரை அகலமாயிருப்பினும், மனிதன் நிமிர்ந்து நிற்குமிடம் நடுவிலே ஒரு பட்டைதான். ஆதலின் உயரத்தையும் கணக்கிற் சேர்த்தமை நியாயமே.

சிக்கல் வெப்பத்திலே தோன்றுகிறது. தகரக் கூரையின் கீழ் மத்தியானப் பாடம் நடத்தியவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2003 ஆகஸ்டில் வீசிய அனலால் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். கூரையை ஒட்டிய அறைகளில் உறங்கிய முதியோர்க்கு ஆபத்து மிகுந்திருந்ததெனப் பின்னர் ஆய்வாளர் கண்டனர். வெப்பத்தைத் தடுக்கக் கூரையின் உட்புறத்தே தடிப்பான காப்புப் படலம் இடலாம். இட்டால் அறையின் உயரம் குறைகிறது, 2.20 மீற்றருக்குக் கீழே இறங்கினால், கொள்ளளவும் போதாதவிடத்து, வாடகைக்கு விடும் உரிமையே போய்விடும். தகட்டைக் கழற்றி வெளிப்புறத்தே காப்பிடுவதே மேல். அதற்கோ கட்டடத்தார் அனைவரும் கூடிச் செலவிடல் வேண்டும். புராதனப் பகுதியாயின் அரசாங்கக் கட்டடக் கலைஞரின் இசைவும் வேண்டும். எனவே உரிமையாளர் பலர் சுவருக்கு வெள்ளையடித்து, ஒரு சிறு சாளரம் வைத்து, அதனோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

பாரிஸில் அத்தகைய அறை பார்த்திருப்பதாகப் பிள்ளைகள் எழுதினால், ஆடி மாதத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு, சாளரத்தைச் சாத்திக் கால்மணி நேரம் உள்ளே இருந்து பார்க்கச் சொல்லுங்கள். வாடகைப் பேச்சு அதன் பிறகு நடக்கட்டும்.