ஓட்டைக் கட்டும் கை



தூத்துக்குடியில் நின்று முத்தைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதுதான். கடலடியில் எந்தப் பாறைத்திட்டில் எந்தச் சிப்பி கிடக்கும் என்பதை இந்த ஊர்ச் சங்குகுளியாளர்களிடம் கேட்டுத்தான் ஆய்வாளர்களாகிய நாங்களே தெரிந்துகொண்டோம். ஆனாலும் இந்த அமர்வுக்குத் தலைமை என்று சொல்லி மேடையேற்றிவிட்டீர்கள். ஒரு பழைய பிழையைத் திருத்திவிட்டு இறங்கிவிடுகிறேன்.

சிப்பிக்குள் மணல் புகுந்தால் முத்தாகும் என்று பள்ளியில் படித்தோம். பட்டிமன்றங்களில் இன்றும் அந்த உவமைதான் ஓடுகிறது. மணல்தான் காரணமென்றால் மன்னார் வளைகுடாவில் முத்தில்லாத சிப்பியே இருக்கக் கூடாது! 1973-ல் இதே கடற்கரையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சுவாமியும் குழுவினரும் வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். சிப்பிக்குள் உருண்டை மணி ஒன்றை வைத்தார்கள். கூடவே, இன்னொரு சிப்பியின் மேன்டிலிலிருந்து நறுக்கிய சிறு துண்டையும் வைத்தார்கள். மேன்டில் என்பது ஓட்டின் உட்புறத்தை ஒட்டி உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய திசு. அந்தத் துண்டுதான் மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்தைப் பூசுகிறது. துண்டில்லாமல் மணியை மட்டும் வைத்தால் முத்து விளையாது. இயற்கை முத்தும் இப்படித்தான்: காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ இடம் பெயர்ந்த மேன்டில் செல்களின் வேலை அது.

ஓட்டைக் கட்டுவதும் அதே கைதான். கடல்நீரிலுள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்து, தனக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் மேன்டில் கட்டட வேலை செய்கிறது. வெளியே தோல் போன்ற ஒரு படலம். அதற்குள் கால்சைட் தூண்கள் நெருக்கமாக நிற்கும். உள்ளே பளபளக்கும் முத்துப் படலம் அரகோனைட்டால் ஆனது. இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், படிக அமைப்பு மட்டும் வேறு. சூளையில் போட்டுச் சுட்டால் எல்லாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புதான்.

ஒரே பொருளை இங்கே இப்படி, அங்கே அப்படி என்று பிரித்துவிடுவது யார்? ஓட்டின் எடையில் மிகச் சிறிய பங்கே உள்ள புரதங்கள். 1996-ல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் ஓட்டிலிருந்து புரதங்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தன. அரகோனைட் அடுக்கின் புரதம் அரகோனைட்டை வளர்த்தது; கால்சைட் அடுக்கின் புரதம் கால்சைட்டை வளர்த்தது. என் மதிப்பில் இத்துறையின் அழகான சோதனை அதுதான்.

முத்துப் படலம் செங்கல் அடுக்கியதுபோல் தட்டுகளால் ஆனது; ஒவ்வொரு தட்டும் அரை மைக்ரான் கனம். ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கிய அளவு என்பதால்தான் வானவில் நிறம் காட்டுகிறது. அதில் சாயம் எதுவும் இல்லை. ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் வரிசைகள், இடையிடையே கைட்டினும் புரதமும் கலந்த சாந்து. விரிசல் விழுந்தால் அது நேராகப் பாய முடியாமல் செங்கல் செங்கலாக வளைந்து ஓடிக் களைத்துப்போகிறது. வெறும் அரகோனைட்டைவிட இதை உடைக்க மூவாயிரம் மடங்கு வரை அதிக ஆற்றல் வேண்டும் என்று அளந்திருக்கிறார்கள்.   

இந்தக் கட்டுமானத்துக்கு இப்போது ஒரு சோதனை: கரியமில வாயு கரைந்து கடலின் அமிலத்தன்மை கூடிவருகிறது. கால்சைட்டைவிட அரகோனைட் எளிதில் கரையக்கூடியது. மேன்டில் இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதை உயிருள்ள சிப்பியில்தான் பார்க்க வேண்டும்; நாமோ பெரும்பாலும் ஓட்டைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் ஆய்வைத் தொடங்குகிறோம். இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உயிருள்ள மேன்டிலை நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். கட்டி முடித்த வீட்டைப் பார்த்தது போதும், கொத்தனாரைப் பாருங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.